புதுக்கோட்டைப் பூவும் பரிமளக் கலையும்

ஐம்புல நுகர்ச்சிகளுள் மணமே நிலையாமை மிகுதியும் உடையது. கண்டதைச் சிற்பமாகவும் சித்திரமாகவும் நிறுத்தலாம். கேட்டதை ஏட்டிலும் இசைத்தட்டிலும் பதிக்கலாம். மோந்தது மட்டும் காற்றோடு போய்விடுகின்றது. அங்ஙனம் போவதைப் பிடித்து நிறுத்த மாந்தர் கண்ட உபாயமே பரிமளக் கலை. அக்கலை எவ்வாறு நடைபெறுகின்றது, வெப்ப நாட்டின் மணத்தைக் கருவாகக் கொண்டு அமைக்கப்பெறும் பரிமளங்களின் இயல்பு யாது, அவற்றிற்கும் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பூந்தோட்டங்களுக்கும் உள்ள உறவு யாது என்னும் மூன்றையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒரு செய்தியை முன்னரே கூறிவைத்தல் நலம். மாலை தொடுப்போர் வேண்டாவென்று ஒதுக்கும் மலரே பரிமளம் செய்வோர் காத்திருக்கும் மலராகும். இதனை உணர்ந்தார்க்கு ஏனைய யாவும் எளிதின் விளங்கும்.

மணமும் தமிழும்

தமிழர் மணத்தை நுணுகி அறிந்தவர் என்பதற்கு அவர்தம் சொற்களே சான்று. மணம், வாசம், விரை, வெறி, கடி, நறை, கமழ்ச்சி எனப் பல சொற்கள் இப்பொருளில் வழங்கின. இக்காலத்துத் தீய மணத்தையே குறிக்கும் ‘நாற்றம்’ என்னும் சொல் முற்காலத்தில் நன்மணத்திற்கும் உரியதாயிருந்தது. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்பட்டுள்ளன. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், மாதவி நீராடற்குரிய நறுநீரில் பத்துவகைத் துவரும், ஐவகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்னும் செய்தி வருகின்றது. ஐவகை விரையாவன கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன. ஆரம் என்பது சந்தனம்.

இவ்வெண்ணிக்கையைப் பொருளற்ற அலங்காரம் என்று கொள்ளுதல் தவறு. துவர், விரை, ஓமாலிகை என்று மூவகையாகப் பகுத்து, வகைதோறும் இத்துணை என்று அளவிட்டிருப்பது நோக்கத்தக்கது. ஒரு பொருளின் மணம் பரிமளம் ஆகாது. பலவற்றை அளவறிந்து சேர்க்கும்போதே பரிமளம் பிறக்கின்றது என்னும் உண்மையை அக்காலத்தார் தெளிந்திருந்தனர்.

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டிருப்பதை மாணவர் பலரும் கண்டிருப்பர். ஆடவர் அப்பொய்கையுள் இறங்கி மலர் கொய்கின்றனர். வண்ணமும் வடிவும் நூற்றாண்டுகள் பல கடந்தும் அங்கே எஞ்சியுள்ளன. அத்தாமரையின் மணமோ ஓவியனுக்கு அகப்படவில்லை. ஓவியன் விட்டவிடத்திலேயே பரிமளக்காரன் தொழில் தொடங்குகின்றது.

கீரமங்கலத்துப் பூச்சந்தை

ஆலங்குடி வட்டத்துக் கீரமங்கலமும், வடகாடு, கொத்தமங்கலம் முதலிய சுற்றுப்புற ஊர்களும் பூ விளைவிற்குப் பெயர்பெற்றவை. மல்லிகை, முல்லை, பிச்சி, சம்பங்கி, காக்கரட்டான், கனகாம்பரம், செண்டிப்பூ, ரோஜா ஆகியன அங்கே பயிராகின்றன. செம்மண் நிலம், கிணற்றுப் பாசனம், தென்னையும் பலாவும் சூழ்ந்த தோப்பு, அவற்றினூடே பூக்கொல்லை என்பதே அப்பகுதியின் தோற்றம். விடியுமுன் பெண்டிர் கொல்லையில் இறங்கி அரும்பு பறிப்பர். காலையிலேயே அது சந்தையை அடைந்து எடைபோடப்பட்டு வெளியூர்களுக்குப் பயணமாகும்.

பூவின் விலையைப்போல் ஏறியிறங்கும் விலை வேறெதற்கும் இல்லை எனலாம். குளிர்காலத்தில் மல்லிகை குறைவாகவே பூக்கும். அக்காலத்து முகூர்த்த நாள்களில் ஒரு கிலோ ஆயிரம் ரூபாயைக் கடந்தும் விற்பதுண்டு. பங்குனி முதல் வேனிற்காலத்தில் பூ மலிந்துவிடும். முகூர்த்தம் இல்லாத நாளொன்றில் விலை பறிகூலிக்கும் காணாது; அந்நாளில் உழவர் பூவைக் குப்பையில் கொட்டி வெறுங்கையராய் வீடு திரும்புவர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது கோயில்கள் அடைபட்டன, மணவிழாக்கள் நின்றன, பூச்சந்தைகள் ஓய்ந்தன. மல்லிகைக்கோ அதுவே மிகுவிளைச்சற் காலம். செடி ஊரடங்கை அறியாதாகலின், பூத்தவண்ணமே இருந்தது.

எஞ்சிய பூவை வாங்கிக்கொள்ள வாசனைத் திரவியத் தொழிற்சாலை ஒன்று தம் பகுதியில் வேண்டும் என்பது கீரமங்கலத்து உழவர் பன்னாளாகக் கூறிவரும் விண்ணப்பம். ஊரார் வாக்கில் அது ‘சென்ட் பேக்டரி’. அவ்விண்ணப்பத்தின் நியாயத்தை அறிய வேண்டுமாயின், மலரின் இயல்பையும் தொழிற்சாலையின் இயல்பையும் நாம் ஒருங்கே அறிதல் வேண்டும்.

மலர் மணக்கும் நாழிகை

நாம் குண்டுமல்லி என்பதைத் தாவர நூலார் ஜாஸ்மினம் சம்பாக் என்பர். முல்லை ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். பிச்சி ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். மதுரை மல்லி என்னும் பெயருக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதுவும் குண்டுமல்லியைச் சார்ந்ததே.

காலையிற் பறித்த அரும்பை மூக்கினருகே கொண்டுபோனால் பச்சை இலையின் மணம் போன்றதொரு மெல்லிய மணமே தோன்றும். அதே அரும்பு, செடியைப் பிரிந்த பின்னும் உயிர் நீங்காதிருந்து, அந்திப்பொழுதில் தானே இதழ் விரிக்கின்றது. அப்போதுதான் அதன் மணம் பெருகுகின்றது. மணக்கூறுகளிற் சில அரும்பினுள்ளே சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கின்றன. மலரும் வேளையில் நொதிகள் அப்பிணைப்பை அறுக்க, அவை விடுபட்டுக் காற்றில் கலக்கின்றன. லினலூல், பென்சைல் அசிடேட், ஆல்ஃபா ஃபார்னசீன், மெத்தில் ஆந்த்ரனிலேட், இந்தோல் முதலியன அவற்றுள் தலையாயவை.

இனி, மாலை தொடுப்போரின் நோக்கத்தை எண்ணிப் பார்ப்போம். அவர் வேண்டுவது அரும்பு. அவிழ்ந்த மலர் தொடுக்குமுன்னரே கசங்கும். வாங்குவோர் கையில் மறுநாள் வாடும். ஆதலின் நண்பகல் கடந்தும் விற்காத அரும்பு சந்தையில் மதிப்பிழக்கின்றது. பரிமளம் செய்வோர் வேண்டுவதோ விரிந்த மலர். அரும்பைக் காலையிலேயே கொண்டுவந்து தந்தாலும், அவர் அதனைத் தரையிற் பரப்பி, அந்தியில் மலரும் வரை காத்திருந்து, இரவிலேயே கலத்தில் இடுவர். ஒரே பூவிற்கு மாலையின் கணக்கில் நண்பகலில் மூப்பு. மணநெய்யின் கணக்கில் அந்தியில் இளமை. விடிந்த பின்னரோ அஃது இருவர்க்கும் உதவாது. இவ்விரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட சில நாழிகையிலேதான் உழவனுடைய நட்டமும் ஊதியமும் அடங்கியிருக்கின்றன.

மணத்தைப் பிரித்தெடுக்கும் முறைகள்

மணத்தைப் பொருளினின்று பிரிப்பதற்கு நெடுங்காலமாக வழங்கும் முறைகள் மூன்று.

முதலாவது, நீராவியால் வாலைவடித்தல். சந்தனம், வெட்டிவேர், எலுமிச்சைப்புல், தைலமரத்து இலை முதலிய வலிய பொருள்களுக்கு இதுவே ஏற்றது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில் தேக், பப்கா என்னும் செப்புக் கலங்களைக் கொண்டு அத்தர் வடிக்கும் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. தேக் என்பது அடுப்பின்மேல் வைக்கும் கலம். பப்கா என்பது நீரில் அமிழ்த்தி வைக்கும் ஏற்புக்கலம். பப்காவினுள் சந்தனத் தைலம் இருக்கும். ஆவியோடு வரும் மணம் அதிற் சென்று தங்கும்.

மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் இக்கொதிநீர் முறை அத்துணை ஏற்றதன்று. அவற்றின் மென்மணம் வெப்பத்தாற் சிதையும். ஆதலின் இரண்டாவது முறை தோன்றியது. தென் பிரான்சு நாட்டுக் கிராஸ் என்னும் ஊரில், கண்ணாடிச் சட்டங்களில் தூய்மை செய்த விலங்குக் கொழுப்பைத் தடவி, அதன்மேல் மலர்களைப் பரப்பி வைத்தனர். மலர் உயிர்ப்போடு மணம் வீசும். கொழுப்பு அதனை ஏற்கும். வாடிய மலரை நீக்கிப் புதுமலர் இடுவர். பறித்த பின்னும் மணத்தைப் பிறப்பித்துக்கொண்டேயிருக்கும் மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் இது சாலப் பொருந்தியது. இம்முறை மேனாட்டாருக்கே உரியதென்று கருதற்க. எள்ளையும் மலரையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிப் பரப்பி, மணமேறிய எள்ளை ஆட்டிப் பூந்தைலம் எடுக்கும் வழக்கம் வடநாட்டில் நெடுங்காலம் இருந்தது. பசிபிக் கடலில் உள்ள தாகித்தித் தீவினர் தியாரே என்னும் மலரைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து மொனோய் என்னும் தைலம் செய்கின்றனர். அதற்கு 1992இல் பிரெஞ்சு நாட்டு இடப்பெயர் உரிமையும் கிடைத்தது.

மூன்றாவது, கரைப்பான் முறை. இக்காலத் தொழிற்சாலைகளில் நடப்பது இதுவே. மலர்களைத் துளையிட்ட தட்டுகளில் அடுக்கிப் பெருங்கலத்துள் இறக்கி, ஹெக்ஸேன் என்னும் நீர்மத்தால் இரண்டு மூன்று முறை கழுவுவர். மணமும் மெழுகும் அதிற் கரைந்து வரும். அழுத்தத்தைக் குறைத்து மெல்லிய வெப்பத்தில் ஹெக்ஸேனை ஆவியாக்கி மீட்டுக்கொண்டால் எஞ்சுவது மெழுகு போன்ற திண்பொருள். இதற்குக் கான்கிரீட் என்று பெயர். அதனை எத்தில் ஆல்கஹாலிற் கரைத்து, நன்கு குளிர்வித்து, உறைந்த மெழுகை வடிகட்டி நீக்கி, ஆல்கஹாலையும் ஆவியாக்கினால் தூய மணநெய் கிடைக்கும். அதனை அப்சொலூட் என்பர்.

அளவையும் அறிந்துகொள்ளல் வேண்டும். 1,000 கிலோ குண்டுமல்லியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோ கான்கிரீட் கிடைக்கும். அதனினின்று வரும் அப்சொலூட் அதிற் பாதியளவே. முல்லை இதனினும் வளமுடையது; 1,000 கிலோவிற்கு 3 கிலோ அளவு கான்கிரீட் தரும். சம்பங்கி 1 கிலோ அளவே தரும். கனகாம்பரமோ கண்ணுக்கு விருந்தேயன்றி மணமற்றது. தொழிற்சாலைக்கு அதனாற் பயனில்லை. பூ விளைக்கும் நிலமெல்லாம் பரிமள நிலமாகிவிடும் என்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

கலவையின் இலக்கணம்

மணநெய் வேறு, பரிமளம் வேறு. எழுத்து வேறு, செய்யுள் வேறு என்பது போல என்க. பரிமளக்காரன் மணநெய்கள், மரத்தைலங்கள், பிசின்கள், இரசாயனச் சாலையில் ஆக்கிய மணக்கூறுகள் ஆகிய பலவற்றை அளந்து கூட்டி, ஆல்கஹாலிற் கரைத்துச் சிலகாலம் முதிர வைக்கின்றான். பொதுவாக ஓ த பர்ஃபம் எனப்படும் வகையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு மணக்கலவையும் எஞ்சியது பெரும்பாலும் ஆல்கஹாலுமாக இருக்கும்.

தோலிற் பூசிய பரிமளம் ஒரே தன்மையாய் இராது, நாழிகைதோறும் மாறும். அம்மாற்றத்தை மூன்று நிலையாகப் பகுப்பர். பூசியவுடன் எழுந்து விரைவில் மறைவது முகமணம். அதன் பின் சில மணி நேரம் நிலவுவது நடுமணம். இறுதிவரை தோலோடு தங்குவது அடிமணம். இதற்குக் காரணம் மூலக்கூறுகளின் ஆவியாகும் வேகம். எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனினின் மூலக்கூற்று எடை 136. மல்லிகையிலுள்ள லினலூலுக்கு 154. சந்தனத்துச் சந்தலோலுக்கு 220. எடை ஒன்றே காரணமன்று; எனினும் இலகுவானது முன்னே பறப்பதும் கனமானது பின்னே தங்குவதும் பெரும்பான்மை விதியாகும். நம் முன்னோர் பூந்தைலத்துக்குச் சந்தனத்தை அடியாகக் கொண்டது அனுபவத்தால் அறிந்த இரசாயனமே.

மலர்மணத்தைப் பற்றிய வியப்பொன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். மல்லிகையிலுள்ள இந்தோலைத் தனியே செறிவாக எடுத்து மோந்தால் முகம் சுளிக்க நேரும். அழுகலிலும் மலத்திலும் உள்ள கூறு அஃது. ஆயினும் அதனை முற்றும் நீக்கிய மல்லிகைக் கலவை சோப்பின் மணம்போல் உயிரற்றுப் போகின்றது. சிறிதளவு இந்தோல் சேர்ந்தால்தான் அது செடியிற் பூத்த மலராகின்றது. நாளை வாடப்போகும் குறிப்பு இன்றைய மலர்ச்சியுள் இருக்கின்றது போலும்! வெப்ப நாட்டு மலர்களின் மணத்தைச் சிலர் ‘கனம்’ என்றும் ‘மயக்கம்’ என்றும் கூறுவதற்கு இத்தகைய கூறுகளும் காரணமாம்.

செயற்கைக் கூறுகளைக் கேட்டவுடன் போலி என்று இகழ்வாரும் உளர். அது பொருந்தாது. 1868இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் ஆங்கில இரசாயனி கூமரின் என்னும் மணப்பொருளை ஆய்வுச்சாலையில் ஆக்கினார். அக்கூமரினைக் கொண்டு 1882இல் ஃபூஜேர் ருவாயால் என்னும் பரிமளம் வந்தது முதல் இக்கலை புதுவழி கண்டது. மலரிலிருந்து எடுக்க இயலாதவற்றையும் மலரே அல்லாதவற்றையும் இதனால் அமைக்க முடிந்தது. தேங்காயின் மணத்தைப் பரிமளத்தில் உணரும்போது, அது பெரும்பாலும் காமா நோனலாக்டோன் போன்ற லாக்டோன்களின் வேலை என்று அறிக.

வெப்பநாட்டுப் பரிமளங்கள்

பெருங்கூட்டத்தை நோக்காது, ஒரு கருத்தையோ ஓரிடத்தையோ நோக்கிச் சிற்றளவிற் செய்யப்பெறும் பரிமளங்களை மேனாட்டார் ‘நீஷ்’ என்று தனிவகையாக வழங்குகின்றனர். பாரிசில் 1976இல் ஜான் லபோர்த் தொடங்கிய லார்ட்டிசான் பர்ஃப்யூமர் என்னும் இல்லம் இவ்வழியில் முன்னோடிகளுள் ஒன்று. இவ்வகையார்க்கு வெப்ப நாடுகள் பெரிதும் விருப்பமான கருப்பொருள்.

மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 2005இல் தொமினிக் ரோப்பியோன், ஃபிரெதெரிக் மால் இல்லத்திற்காகக் கார்னல் ஃபிளவர் என்னும் பரிமளத்தை அமைத்தார். அதன் உயிர் நாம் கோயிலுக்குத் தொடுக்கும் சம்பங்கி. அம்மலரின் தாயகம் மெக்சிகோ எனினும், இன்று நம் நாட்டு மலராகவே ஆகிவிட்டது. 2008இல் எர்மேஸ் இல்லத்தின் பரிமளக்காரராயிருந்த ஜான் குளோத் எல்லெனா, கேரளத்து மழைக்காலத்தைக் கருவாகக் கொண்டு, ‘மழைக்காலத்திற்குப் பின் ஒரு தோட்டம்’ என்னும் பொருள்படும் பரிமளத்தை ஆக்கினார். கனத்த மலர்மணத்தை முன்னிறுத்தாது, ஏலம், கொத்தமல்லி விதை, மிளகு, இஞ்சி, வெட்டிவேர் ஆகியவற்றால் நனைந்த நிலத்தின் தண்மையை உணர்த்த முயன்றமை அதன் சிறப்பு. 2011இல், கல்கத்தாவிற் பிறந்து பாரிசில் வாழும் நீலா வெர்மேர் என்பார் தம் இல்லத்தைத் தொடங்கி, பெர்த்ரான் துஷோஃபூர் என்னும் பரிமளக்காரரைக் கொண்டு பம்பாய் பிளிங் என்பதை வெளியிட்டார். மாம்பழம் முகத்தில் நிற்க, மல்லிகை, சம்பங்கி முதலிய மலர்கள் நடுவில் மலர, சந்தனமும் வனிலாவும் அடியில் தங்கும் நிறைந்த பரிமளம் அது.

இம்மூன்றையும் ஒப்பு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒன்று ஒரு மலரை எடுத்துக்கொண்டது. மற்றொன்று ஒரு பருவத்தை. வேறொன்று ஒரு நகரத்தை. வெப்பநாட்டு மணம் என்பது தேங்காயும் கனியும் கலந்த இனிமை ஒன்றே என்னும் எண்ணம் பிழையானது. நம் நாட்டு வெயிலுக்கு இனிமை, துவர்ப்பு, புழுக்கம், ஈரம் என்னும் யாவும் உரியன. மேலும், வெப்பம் மிகுந்த நாட்டில் முகமணம் விரைந்து பறக்கும். கனத்த மணம் பன்மடங்காகப் பெருகும். குளிர்நாட்டிற் பத்துத் துளி வேண்டும் பரிமளம் ஈண்டு இரு துளியில் அமையும். நம் பெண்டிர் முழுமல்லிகையைக் குழலிற் சூடுவது, தோலைத் தீண்டாமல் காற்றில் மெல்ல மணம் பரவுதற்குத் தக்கதோர் ஏற்பாடு என்று கொள்ளலாம்.

புதுக்கோட்டை மணம்: ஒரு பயிற்சி

மேற்கூறிய இலக்கணத்தை மனத்தில் நிறுத்துதற்கு ஒரு பயிற்சியை மேற்கொள்வோம். நம் மாவட்டத்தையே ஒரு சிமிழில் அடைக்க வேண்டுமாயின் எவற்றைச் சேர்ப்பது?

முகமணத்திற்கு எலுமிச்சைத் தோலும், முந்திரிப் பழத்தின் துவர்கலந்த புளிப்பும் ஏற்கும். தைலமரத்து இலையின் காரமான குளிர்ச்சியும் ஒரு துளி வேண்டும். காகிதக் கூழுக்காக நம் காடுகளில் வளர்க்கப்படும் அம்மரம் நிலத்தடி நீரைக் குடிக்கின்றது என்னும் முறையீடு உழவரிடையே உண்டு. ஆயினும் சாலையோரக் காற்றில் அதன் மணம் இருக்கின்றது. இருப்பதை மறைத்து இனியவற்றை மட்டும் சேர்த்தால் அது விளம்பரமாகும். ஓர் ஊரின் மணம் ஆகாது.

நடுமணத்திற்கு அந்தியில் அவிழ்ந்த குண்டுமல்லியும் முல்லையும் சம்பங்கியும் உரியன. அவற்றோடு வடகாட்டுப் பலாவைச் சேர்த்தல் வேண்டும். பலாவின் மணத்தை வடித்தெடுத்தல் எளிதன்று. ஐசோவேலரிக் அமிலத்தின் எஸ்டர்களைக் கொண்டு அதனைப் புனைய வேண்டும். அளவு சிறிது மிகின் மல்லிகை முழுதும் மறைந்துவிடும். பலாப்பழம் வீட்டினுள் இருப்பதைத் தெருவார் அறிவது போல என்க.

அடிமணத்திற்குச் சந்தனமும் வெட்டிவேரும் பழைய துணைகள். அவற்றோடு ஆதனக்கோட்டைச் சாலையோரம் வறுக்கப்படும் முந்திரிக் கொட்டையின் புகைகலந்த மணமும், செம்மண்ணில் முதல் மழை விழுந்தபோது எழும் மணமும் சேரவேண்டும். மழைமண்ணின் மணத்திற்குப் பெட்ரிக்கோர் என்னும் பெயரை 1964இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமசு என்னும் இருவர் இட்டனர். அம்மணத்திற்கு மண்ணிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் ஆக்கும் ஜியோஸ்மினும் ஒரு காரணம். பெயர் இடப்படுமுன்னரே கன்னோசியார் சுட்ட களிமண் வில்லைகளை வாலைவடித்து, ‘மிட்டி அத்தர்’ என்று சந்தனத் தைலத்தில் அம்மணத்தை நிறுத்தி விற்றுவந்தனர்.

இப்பயிற்சியில் ஒன்றை நோக்குக. நாம் எண்ணிய பொருள்களுட் பெரும்பாலானவை இம்மாவட்டத்திலேயே குவிந்து கிடக்கின்றன. இல்லாதது அவற்றை மணநெய்யாக்கும் கருவியும், அளந்து கூட்டும் கல்வியுமே.

உழவர் பங்கு

இனி, முன்னர்க் கூறிய விண்ணப்பத்திற்கு வருவோம். தொழிற்சாலை வந்தால் மல்லிகை என்றும் உயர்ந்த விலைக்கு விற்கும் என்று சிலர் நம்புகின்றனர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. 1,000 கிலோ பூவைக் கிலோ 100 ரூபாய்க்குக் கொண்டாலும், ஒன்றரை கிலோ கான்கிரீட்டிற்குப் பூவின் விலை மட்டும் 1 லட்சம் ரூபாய். முகூர்த்த நாளில் கிலோ 1,000 ரூபாய்க்குக் கொண்டால் அது 10 லட்சமாகும். அவ்விலையில் எத்தொழிற்சாலையும் நிலைபெறாது. ஆகவே தொழிற்சாலை மாலைக்குப் போட்டியன்று. மாலை வேண்டாத நாளில் விலை பாதாளத்திற்குச் செல்லாமல் தடுக்கும் தரையேயாகும். குப்பைக்குப் போகும் பூ பறிகூலியும் உரச்செலவும் மீளும் விலைக்குப் போமாயின், ஓர் எளிய குடும்பத்திற்கு அதுவே கடனுக்கும் கடனின்மைக்கும் உள்ள வேறுபாடு.

தொழிற்சாலை அண்மையில் இருத்தல் வேண்டும் என்பதற்கும் மலரின் நாழிகையே காரணம். மதுரைச் சுற்றுப்புறத்திலும் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை வட்டாரத்திலும் மணநெய் எடுக்கும் சாலைகள் உள்ளன. கீரமங்கலத்திலிருந்து அவை நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டவை. நண்பகலில் சந்தையில் எஞ்சிய அரும்பு, மூட்டைக்குள் புழுங்கி அத்தொலைவைக் கடக்குமுன் மலரும் பொழுது வந்துவிடும். குவியலின் வெப்பத்தில் மணமும் கெடும். அருகில் இருப்பின் எஞ்சியதே முதற்பொருளாகும்.

அதுமட்டும் போதாது. பூச்சிமருந்து மிகுதியாகத் தெளித்த மலரில் அம்மருந்தின் எச்சம் ஹெக்ஸேனிற் கரைந்து மணநெய்யிலும் செறிந்து நிற்கும். அத்தகையதை அயல்நாட்டார் கொள்ளார். பூவின் வரத்து ஒரு திங்கள் வெள்ளமாகவும் மறு திங்கள் வறட்சியாகவும் இருப்பின் கலங்கள் வறிதே கிடக்கும். ஆதலின் குண்டுமல்லி குறையும் காலத்திற்குச் சம்பங்கி, முல்லை, பிச்சி என மாறிமாறி வருமாறு பயிரிடலும், உழவர் ஒன்றுகூடி எடையும் தரமும் பேணலும் இன்றியமையாதன. இந்திய அரசு 1991இல் கன்னோசியில் நிறுவிய நறுமண, சுவைமண வளர்ச்சி மையம் இத்துறையில் பயிற்சி அளிக்கின்றது. நம் மாணவர் அதனை அறிந்திருத்தல் நலம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது, ஆலங்குடி வட்டத்துத் தென்னையும் பலாவும் ஆயிரமாயிரமாகச் சாய்ந்தன. தோப்பு மீண்டும் காய்க்கப் பல்லாண்டு வேண்டும். பூச்செடியோ சில திங்களிற் பூத்துவிடும். நிலமிழந்தார் போல் நின்ற உழவர் பலர்க்குப் பூவே விரைந்து கைகொடுக்கும் பயிராயிருந்தது. அதே 2018ஆம் ஆண்டிலேதான் கிராஸ் வட்டாரத்தாரின் பரிமளத் திறன், மலர் வளர்த்தல், மணமெடுத்தல், கூட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததாக யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. மலர் வளர்ப்பதையும் கலையென்றே உலகம் அங்கு ஒப்புக்கொண்டது. ஈண்டு அது கூலிவேலை என்றே கருதப்படுகின்றது.

மாணவ நண்பர்காள்! இரசாயனம் பயில்வோர் இந்தோலையும் லினலூலையும் தேர்வுத்தாளிற் காண்பதோடு அமையாது, விடியற்காலையில் ஒரு பூக்கொல்லைக்கும் அந்தியில் ஒரு பூச்சந்தைக்கும் சென்று காண்பீர்களாக. வாணிகம் பயில்வோர் கான்கிரீட்டின் அளவையும் பூவின் விலையையும் இணைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பீர்களாக. தமிழ் பயில்வோர் துவரும் விரையும் ஓமாலிகையும் எவை என்று உரைகளிலே தேடி, அவற்றுள் இன்றும் கிடைப்பன எவை எனத் தெளிவீர்களாக. இம்மூவர் அறிவும் ஒருங்கு சேருமாயின், அந்தியில் அவிழும் மலர் வீணாவதற்கு இடமிராது.